ஷாப் மலைப்பாதையில் ஒரு நினைவுக்கல்

இங்கிலாந்தின் வடமேற்கே, கெண்டலிலிருந்து பென்ரித் நகருக்குச் செல்லும் ஏ6 சாலை, ஷாப் மலைமேட்டில் 1300 அடிக்கும் மேலாக ஏறுகிறது. 1970-இல் எம்6 நெடுஞ்சாலை இங்கே திறக்கப்படும்வரை, மேற்குப் பக்கமாக ஸ்காட்லாந்து சென்ற லாரிகளுக்கு இதுவே பிரதான வழி.

அந்நாளைய ஃபோடன், அட்கின்சன், லேலண்ட் லாரிகளை ஓட்டுவது எளிதன்று. 20 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை இழுத்த கார்ட்னர் எஞ்சினுக்கு 112 குதிரைத்திறன்தான். பிற்பாடு வந்த பெரியதற்கு 150. கியர் மாற்றக் கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். வேகம் இசையாவிட்டால் பற்சக்கரங்கள் அலறும், கியர் விழாது. செங்குத்தான ஏற்றத்தில் அவ்வாறு நேர்ந்தால் ஓட்டுநரின் கதியை எண்ணிப் பாருங்கள்! இறக்கமோ அதனினும் கொடிது.

பனி சாலையை மூடினால் பயணம் அங்கேயே நின்றுவிடும். அவ்வேளைகளில் சுற்றுப்புற மக்கள், முன்பின் அறியாத ஓட்டுநர்களுக்கு உணவும் ஒதுங்க இடமும் மனமுவந்து அளித்தனர். மலையுச்சியருகே உள்ள நினைவுக்கல் ஓட்டுநர்களோடு அம்மக்களையும் நன்றியுடன் குறிப்பிடுகிறது. மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலைகள் மலிந்த நாட்டில் இப்படியும் ஒரு கல்!

பழைய லாரிகளைப் பேணுவதற்கென்றே 1958-இல் அந்நாட்டில் ஒரு சங்கம் தோன்றியது. லேலண்ட் நகரில் 1983-இல் அருங்காட்சியகமும் எழுந்தது. (1955-இல் நம் எண்ணூர் ஆலை அசோக் லேலண்ட் எனப் பெயர் பூண்டதே, அப்பெயருக்கு மூலம் இவ்வூர்தான்.) ஆயினும் இரும்பைத் துருவேறாமல் காப்பது ஒருபாதி வேலையே. அந்தக் கியரை ஓசையின்றி மாற்றும் பக்குவத்தை, அறிந்தவர் அருகே அமர்ந்துதான் கற்கவேண்டும். ஷாப் பாதையில் அன்று லாரி ஓட்டியவர்களுள் மிக இளையவர்களே இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.