ஒரு மணி நேரக் கூண்டு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடம், 'எந்த மந்திரம் ரொம்ப ஓவர்?' என்று கேட்டால் பெரும்பாலும் ஃபயர்பால் என்பார்கள். நியாயமான பதில்தான். மூன்றாம் நிலை மந்திரம். இருபதடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லோர் மீதும் நெருப்பு. எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் வருவது சேதம், சராசரி 28. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், சொந்தமாக மந்திரம் உருவாக்க நினைப்பவர்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. அதன்படி மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு ஆறு பகடைதான். ஃபயர்பாலுக்கு மட்டும் இரண்டு கூடுதல். வீட்டுக்கு ஒரு செல்லப்பிள்ளை இருக்குமில்லையா, அந்த மாதிரி.

எனக்கு ஃபயர்பால் மேல் கோபம் கிடையாது. அது எதிரியின் உயிரைத்தான் எடுக்கிறது. என் பயமெல்லாம், பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் முறையையே எடுத்துக்கொள்ளும் மந்திரங்கள் மேல்.

ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட விளையாட்டு இது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஒருவர் டன்ஜன் மாஸ்டர்: உலகத்தையும் எதிரிகளையும் அவர் நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிப்பது தோற்பது என்று பெரிதாக ஒன்றுமில்லை. சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகிறோம், அவ்வளவுதான். அதனால்தான் இங்கே ஒரு மந்திரம் அளவு மீறினால் கெடுவது ஸ்கோர் இல்லை, ஒருவருடைய பங்கு.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நான் ஒரு ஃபைட்டரை ஆடினேன். வாளும் கேடயமும்தான் அவன் சொத்து. ஊரை எரித்த ஒரு தளபதியைத் தேடிப் புறப்பட்டவன் என்று முதல் நாளே அரைப்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். பதின்மூன்றாம் லெவலில் அந்தத் தளபதி எதிரில் வந்து நின்றான். யார் முதலில் என்று பகடை உருட்டினோம். விசர்ட் ஆடிய நண்பனுக்குத்தான் முதல் முறை. "ஃபோர்ஸ்கேஜ்" என்றான்.

கண்ணுக்குத் தெரியாத பத்தடிப் பெட்டி ஒன்று தளபதியைச் சுற்றி வந்துவிட்டது. உள்ளேயிருந்து எதுவும் வெளியே வராது, வெளியேயிருந்து எதுவும் உள்ளே போகாது. வேறிடத்துக்குத் தாவும் மந்திரம் தெரிந்தவன் வேண்டுமானால் தப்ப முயலலாம். தளபதிக்கு வாள்தான் தெரியும். ஒரு மணி நேரம் இருக்கும்.

"நான் என்னடா பண்றது?"

"சும்மா நில்லு. அவன் எங்கேயும் போக மாட்டான்."

அவனுடைய ஆட்களைச் சமாளித்துவிட்டுப் பெட்டியைச் சுற்றி நின்றோம். உள்ளேயே வாளைக் கீழே போட்டுச் சரணடைந்தான். திரும்பும் வழியில் காரில் நண்பன் கேட்டான், "செம ஐடியால்ல?" செம ஐடியாதான். அவன் எந்த விதியையும் மீறவில்லை, மந்திரத்தைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தினான். ஆனாலும் இரண்டு வருடம் நான் தூக்கிக்கொண்டு வந்த அரைப்பக்கம் என் கை படாமலே முடிந்துபோனது.

இப்போது டன்ஜன் மாஸ்டர் வேலை எனக்கு. எந்த மந்திரத்தைப் படித்தாலும் முதலில் பார்ப்பது அது எவ்வளவு சேதம் செய்யும் என்பதை அல்ல. இதற்கு என்ன விலை, அந்த விலையை யாரோடு சேர்ந்து கட்ட வேண்டும் என்பதைத்தான்.

விலை என்ற யோசனை இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'த டையிங் எர்த்' கதைகளில் மந்திரவாதிகள் சில மந்திரங்களை மட்டுமே மனதில் ஏற்றிக்கொள்ள முடியும், சொன்னதும் மறந்துபோகும். கைகாக்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பழைய பதிப்பொன்றில், வேகத்தை இரட்டிப்பாக்கும் ஹேஸ்ட் மந்திரம் பட்டவருக்கு ஒரு வயது கூடிவிடும். கர்ணனின் சக்தி ஆயுதத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஒரே ஒரு முறைதான் எறியலாம் என்பது இந்திரன் போட்ட விதி. அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் எறிய வேண்டிவந்தது. மகாபாரதத்தில் அந்த இரவு அப்படிக் கனப்பதற்கு அந்த ஒரு விதிதான் காரணம்.

வேறு வழியும் பார்த்தார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பு ஃபைட்டருக்கும் விசர்டுக்கும் ஒரே அச்சில் ஆற்றல்களைக் கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை. தராசு நேராக நின்றது. ஆனால் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். மந்திரம் மந்திரமாக இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் அநியாயமாகவும் இருக்க வேண்டும்போல.

ஐந்தாம் பதிப்பு கண்டுபிடித்த நல்ல விலைக்குப் பெயர் கான்சன்ட்ரேஷன். நீடித்து நிற்கும் பெரிய மந்திரங்கள் பலவற்றுக்கும் மனதைக் குவித்து வைத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இடையில் அடி பட்டால் இருபதுமுகப் பகடை உருட்டி, உடல்வலிமையைச் சேர்த்து, குறைந்தது பத்து எடுக்க வேண்டும். பலமான அடி என்றால் இன்னும் அதிகம். தவறினால் மந்திரம் போச்சு. 2014 புத்தகத்தில் ஃபோர்ஸ்கேஜுக்கு இந்த நிபந்தனை இல்லை. 2024இல் திருத்தி வெளியிட்டபோது சேர்த்துவிட்டார்கள். புதுப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

கூண்டின் பலம் துளியும் குறையவில்லை. அதே பத்தடி, அதே ஒரு மணி நேரம். ஆனால் கூண்டைப் போட்டவர் இப்போது தனியாள் இல்லை. அவர் மேல் அம்பு படாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் என் மேசையில் விசர்ட் ஆடும் பெண் அரக்கர் தலைவனைக் கூண்டில் அடைத்தாள். கூரை மேல் வில்லாளிகள். அதுவரை சோஃபாவில் சாய்ந்திருந்த ஃபைட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அவ பக்கத்துல போய் நிக்கிறேன். கேடயத்தைத் தூக்கிட்டேன்." பக்கத்தில் இருப்பவரைத் தாக்கும்போது கேடயத்தை நீட்டினால், எதிரி இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஃபைட்டர் பக்கத்திலேயே நின்றால் அவருடைய அடுத்த முறை வரை அவள் மேல் வரும் மற்றத் தாக்குதல்களுக்கும் அப்படித்தான். நான் உருட்டினேன். பதினெட்டு, நான்கு. அம்பு சுவரில் போய்க் குத்தியது.

அடுத்த அம்புக்கும் கேடயம் நீண்டுதான் இருந்தது. ஆனாலும் அது பட்டது. அவள் பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். மேசையில் ஒருத்தர் கண்ணும் செல்போனில் இல்லை.