நகத்தில் நிற்கும் முனை

கொல்கத்தாவின் குளக்கரைகளில், மழுங்கிய தூண்டில் முள் குப்பைக்குப் போவதற்கு முன் அரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.

தூண்டில் முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கல். நகத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் கூர்மை. கொல்கத்தாவின் குளக்கரையில் அனுபவசாலிகள் குடையை ஊன்றுவதற்கும் இரையைப் பிசைவதற்கும் முன்பு செய்யும் சோதனை இது. தோற்றுப்போன முள்ளை உடனே வீசி எறிவதில்லை. பெட்டிக்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு பொடி அரம் வெளியே வருகிறது.

மீன் சாப்பிடுவது மட்டுமல்ல, மீனுக்காகக் காத்திருப்பதும் வங்காளிக்கு ருசிதான். தூண்டில் கழிக்குச் 'சிப்', முள்ளுக்குப் 'போர்ஷி', தக்கைக்குப் 'ஃபாத்னா', மீனைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் தூவும் தீனிக்குச் 'சார்', முள்ளில் குத்தும் இரைக்கு 'டோப்' என்று இந்தப் பொழுதுபோக்குக்குத் தனி அகராதியே உண்டு. கடுகுப் புண்ணாக்கு, வெந்தயம், ரொட்டி, எறும்பு முட்டை என்று இரைக்கான பக்குவம் ஆளுக்கு ஆள் மாறும். கேட்டாலும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள்.

பழைய டல்ஹவுசி சதுக்கத்தின் நடுவிலுள்ள லால் திகி, பேலேகாட்டாவின் சுபாஷ் சரோவர், தெற்கே ரவீந்திர சரோவர்: நகரத்தின் தூண்டில் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவை. கடைசியாகச் சொன்னது தமிழர்களுக்கு அந்நியமல்ல. லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதிகளில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் காலை நடையின் 'லேக்'. சதுப்பாகக் கிடந்த இடத்தில் 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி. 1958இல் தாகூரின் பெயர் பெற்றது.

நகரத்தைத் தாண்டினால் டிக்கெட் குளங்கள். ஒரு தூண்டிலுக்கு இவ்வளவு என்று நாள் கணக்கில் பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும். மீன் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் கட்டிய பணம் திரும்பாது. டிக்கெட், இரை, வண்டிச் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் அதில் முள்ளின் விலை ஒரு மூலைக்குக் காணாது. பிறகு ஏன் அரத்தை எடுத்துத் தேய்க்க வேண்டும்? புது முள் கட்டிவிட்டுப் போகலாமே?

பதில் மீனின் வாயில் இருக்கிறது. ரோகு மீன் இரையை வெடுக்கென்று கவ்வி ஓடும் ரகமல்ல. தடித்த உதடுகளால் மெல்ல உறிஞ்சிப் பார்க்கும்; சந்தேகம் வந்தால் துப்பிவிடும். தக்கை அசைவதற்கும் துப்புவதற்கும் இடையே கிடைப்பது ஒரு நொடி. அந்த நொடியில் முனை தசைக்குள் இறங்கியாக வேண்டும். மழுங்கிய முள் உதட்டின் மேல் சறுக்கும், அல்லது அரைகுறையாகக் குத்திப் பாதி வழியில் கழன்றுவிடும். மீனும் போகும், காயத்தோடு போகும். கரையில் இருப்பவர் கழியைக் குறை சொல்வார், நரம்பைக் குறை சொல்வார், பக்கத்துக்காரர் பேசியதைக் குறை சொல்வார்.

காலையில் கூராக இருந்த முள் மாலைவரை அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. படித்துறைச் செங்கல்லில் ஓர் உரசல், அடியில் கிடக்கும் கிளையில் ஒரு சிக்கல், மீனின் தாடை எலும்பில் ஒரு மோதல் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவில் முனை மடங்கிவிடும். ஒரே இரை உருண்டையைச் சுற்றிப் பல முட்களைத் தொங்கவிடுபவர்களும் உண்டு. ஒவ்வொன்றையும் வெட்டிப் புதிதாக முடிச்சுப் போடுவதற்குள் கூடிய மீன் கலைந்துவிடலாம். அரத்தால் நான்கு இழுப்பு என்றால் அரை நிமிட வேலை.

வேலை சிறியது; பக்குவம் வேண்டும். முள்ளின் வளைவை இடுக்கியில் பிடித்து, முனையின் இரு பக்கமும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் முனை கோணும். கடைசியாக வெளிப்புறம் லேசாக ஒரு இழுப்பு. மறுபடியும் நகம். அதிகம் தேய்த்தால் முனை மெலிந்து முதல் இழுப்பிலேயே ஒடியும். தேய்த்த இடத்தில் மேல்பூச்சு போய்விடுவதால் துரு சீக்கிரம் ஏறும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் தடவினால்தான் அடுத்த முறைக்கு ஆகும்.

கூர் தீட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. மீன் சந்தையில் பெரிய காத்லாவைத் துண்டு போடும் 'போண்ட்டி' நம் அரிவாள்மனையின் அண்ணன். அதன் கூர்தான் மீன் வெட்டுபவரின் பிழைப்பு. சாணைக்கு வங்காளியில் 'ஷான்'. இரண்டும் ஒரே வேர். அம்மி கொத்துபவரின் குரலுக்கும் இங்கே ஒரு ஜோடி உண்டு: 'ஷில் காட்டாவ்'. ஆனால் தெருவில் வரும் சாணைச் சக்கரத்திடம் தூண்டில் முள்ளைக் கொடுக்கக் கூடாது. பொறி பறக்கும் சூட்டில் மெல்லிய முனையின் எஃகு பதம் இழந்துவிடும். கத்திக்குச் சக்கரம், முள்ளுக்குக் கை.

ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி 1873இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார்; 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொரு புத்தகம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு நல்ல முள் என்றால் கப்பலில் வர வேண்டிய சரக்கு. இருப்பதைத் தீட்டி வைத்துக்கொள்வது அவசியம். இன்று அவசியம் குறைந்திருக்கிறது. 1980களிலிருந்து ஜப்பானிய முட்கள் பரவின. அமிலத்தில் முக்கி, மேடு பள்ளம் கரைத்து, ஊசிபோல் கூராக்கப்பட்டவை. உறையிலிருந்து எடுக்கும்போதே நகத்தில் குத்தி நிற்கும். அந்தக் கூர் ஒருமுறை போனால் அரம் அதை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. அவற்றை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று அரத்தின் பக்தர்களே ஒப்புக்கொள்வார்கள். தடித்த பழைய ரக முட்களுக்குத்தான் அரம் இன்னமும் வைத்தியர்.

அரத்துக்கு எட்டாத ஆபத்து வேறொன்று இருக்கிறது. தூண்டில் போடக் குளம் வேண்டும். 5 கட்டா, அதாவது 0.035 ஹெக்டேர், அதற்கு மேற்பட்ட நீர்நிலையைத் தூர்க்கக் கூடாது என்று மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 1993இல் திருத்தம் வந்தது. ஆனாலும் குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. முள்ளுக்கு இரண்டாவது ஆயுள் தரலாம்; கட்டடம் எழும்பிய குளத்துக்கு அது இல்லை.

பொழுது சாயும்போது கணக்குப் பார்க்கிறார்கள். தேறிய முட்கள் எண்ணெய்த் துணிக்குள் போகின்றன. வளைவில் துரு அரித்தவை, முனை குட்டையாகிப்போனவை தனியே ஒதுக்கப்படுகின்றன. அவற்றையும் கரையில் போட்டுவிட்டு வருவது முறையல்ல. இடுக்கியால் இரண்டாக நறுக்கி, காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். விடிந்தால் அதே படித்துறையில் வெறுங்காலோடு குளிக்க வருவார்கள்.