பனிநீரும் படகுடையும்

ரிஷிகேசத்திற்கு வடக்கே, பதரிநாத் செல்லும் மலைச்சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் சிவபுரி என்னும் சிற்றூர் இருக்கிறது. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அளகநந்தாவும் கூடிக் கங்கை என்று பெயர் பெறும் ஆறு, இவ்விடத்தில் பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்கின்றது. மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களில், இங்கிருந்து ரப்பர்த் தெப்பங்களில் ஏறி ரிஷிகேசம் வரை ஆற்றோடு செல்வது இளைஞர்களின் பெருவிருப்பமாக இருந்து வருகிறது.

சென்ற பங்குனியில் தில்லியிலிருந்து நாங்கள் நான்கு குடும்பத்தார் அங்கே சென்றிருந்தோம். எங்களுடன் நண்பர் ஒருவரின் மூத்த புதல்வரும் வந்திருந்தார். அவர் கனடாவின் மேற்குக் கரையில் பணிபுரிபவர். ஓய்வு நாட்களில் காயாக் என்னும் ஒற்றையாள் படகில் கடலுக்குள் சென்று தூண்டிலில் சால்மன் பிடிப்பவர். விடுமுறைக்கு வந்த அந்த இளைஞரிடம் நான் கேட்டறிந்த செய்திகள் நம் சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படும் எனக் கருதியே இதை எழுதலானேன்.

பங்குனி வெயிலில் சிவபுரியின் வெண்மணல் காலைச் சுடும். ஆனால் அதே காலை ஆற்றில் வைத்தாலோ, எலும்பு வரை கடுக்கும். மேலே மலைமுடிகளின் பனியை உருக்குவதும் நம் தலையைக் காய்ச்சுவதும் ஒரே வெயில்தான் அன்றோ? வெயில் ஏற ஏற, உருகிய பனிநீரும் மிகுதியாக வந்து சேர்கிறது. கரையில் நிற்பவனுக்குக் கோடை. நீரில் விழுந்தவனுக்கு மார்கழி. இந்த முரண்பாட்டை உணராதவர்களே ஆபத்துக்குள்ளாகிறார்கள்.

நான் பருத்திச் சட்டையும் கால்சராயுமாகத் தெப்பத்தருகே நின்றபோது அந்த இளைஞர், "மாமா, வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்துத்தான் உடுத்த வேண்டும். எங்கள் ஊர்க் காயாக் மீனவர்களுக்கு இதுவே முதற்பாடம்" என்றார்.

"நீந்தத் தெரிந்தவனுக்கும் இது பொருந்துமா, தம்பி?" என்று கேட்டேன்.

"அவனுக்குத்தான் மிகவும் பொருந்தும், அவன் தன் நீச்சலை நம்பி உடையை மறந்துவிடுவான்" என்று அவர் விடையளித்தார்.

அவர் விளக்கியது யாதெனில், நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லக் கூடியது. 15 பாகை செல்சியஸுக்குக் குறைந்த நீரில் ஒருவன் திடீரென்று விழுந்தால், அவனையறியாமலே மூச்சு 'ஹா' என்று உள்ளிழுக்கப்படுகிறது. அக்கணத்தில் தலை நீருக்குள் இருப்பின் நுரையீரலுக்குள் நீர் புகுந்துவிடும். உறைநிலையை ஒட்டிய நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கியாள்வதற்கான போராட்டம். அடுத்த 10 நிமிடங்களில் விரல்களும் கைகால்களும் சொற்கேளாமற் போகின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குளிர் நினைவையே பறித்துவிடுகிறது. ஆகவே, குளிர்நீரில் மாய்வோர் பலர் உடல் முழுவதும் குளிர்வதற்கு முன்னரே, நீந்த இயலாமல் மாய்கிறார்கள்.

இந்த உண்மையை நூல்கள் வாயிலாக அறியாமல் வாழ்க்கையிலேயே அறிந்தவர்கள் வடதுருவப் பகுதியின் இனூயித் மக்கள். காயாக் என்ற படகும் பெயரும் அவர்களுடையவை. கிரீன்லாந்தில் சீல் என்னும் கடல் விலங்கின் தோலால் 'துயிலிக்' என்னும் மேலங்கியைத் தைத்தார்கள். அது முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இறுகப் பிடித்து, கீழ் விளிம்பு படகின் வாயோடு சேர்த்துக் கட்டப்படும். படகு கவிழ்ந்தாலும் நீர் உட்புகாது. துடுப்பால் ஓர் உந்து உந்தி மீண்டும் நிமிர்ந்துவிடுவார்கள். அலாஸ்கா பக்கத்துத் தீவுகளில் வாழும் அலூத் மக்களோ கடற்சிங்கத்தின் குடலைக் கீறி உலர்த்தி, நீர்புகா அங்கிகளாகத் தைத்தனர். வேட்டைக்குச் சென்ற கணவன் உயிருடன் திரும்புவது, வீட்டில் மனைவி இட்ட தையலின் நேர்த்தியைப் பொறுத்திருந்தது.

இக்காலத்தில் அத்தொழிலை இருவகை உடைகள் செய்கின்றன. முதலாவது 'வெட் சூட்' எனப்படும் நனைவுடை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் இதனை உருவாக்கினார். நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பருள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகளே குளிரைத் தடுக்கின்றன. உள்ளே சிறிது நீர் புகும். ஆனால் உடை உடம்போடு ஒட்டியிருப்பதால் அந்நீர் அசையாது நின்று உடற்சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். உடை தொளதொளவென்றிருந்தால் புதுநீர் ஓயாமல் புகுந்து பயனைக் கெடுக்கும். எனவே இதை வாங்குவோர் விலையைக் காட்டிலும் அளவையே முதலில் நோக்க வேண்டும்.

இரண்டாவது 'டிரை சூட்' எனப்படும் உலருடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர்ப் பட்டை இறுக்கிப் பிடிப்பதால் நீர் உட்செல்லாது. ஆயினும் இதன் துணி தானாக வெப்பம் தருவதன்று. உள்ளே அணியும் கம்பளியே வெப்பம் காக்கிறது. பருத்தியை அணிதல் தகாது. வியர்வையில் நனைந்தாலும் அது குளிர்ந்துவிடும். இவ்வுடையின் விலை நனைவுடையினும் பன்மடங்கு.

சிவபுரியில் தெப்பங்களுக்குத் துணையாகக் காயாக்கில் செல்லும் மலைநாட்டு இளைஞர்கள் கையில்லாத நனைவுடையே அணிந்திருந்தார்கள். "இவர்களுக்கு இதுவே போதுமென்றால் உங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு விலையுள்ள உடை?" என்று வினவினேன். அதற்கு அவர், "இவர்கள் நொடிதோறும் துடுப்பு வலிக்கிறார்கள், உழைப்பே உடம்பைச் சூடாக்கும். அரை மணியில் கரையும் வந்துவிடும். தூண்டில்காரனோ மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருப்பவன். அவனுடைய படகு மேற்புறம் திறந்தது. கால்கள் நனைந்தபடியே இருக்கும். கரையும் தொலைவு. ஆகவே அவனுக்கு உலருடையே தக்கது" என்றார். படகு ஒன்றாயினும் தொழிலுக்கேற்ப உடை வேறாக வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ஆற்றோரத்தில் நின்று மீன்பிடிப்போர் அணியும் மார்பளவு ரப்பர்க் கால்சராயைச் சிலர் காயாக்கிலும் அணிவதுண்டாம். கவிழ்ந்தால் அதனுள் நீர் நிரம்பிப் படகில் மீண்டும் ஏறுவது அரிதாகிவிடும் என்று அவர் எச்சரித்தார். எந்த உடையாயினும் முதன்முதலில் ஆழமில்லாத கரையோர நீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, விழுந்தும் ஏறியும் பார்க்க வேண்டும். நிறம் தொலைவிலிருந்தே தெரியும் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருத்தல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக மிதவைச் சட்டை உடம்பில் இருக்க வேண்டுமேயன்றிப் படகில் கிடத்தல் ஆகாது. இவை அவர் கூறிய முறைகள்.

கடலில் சால்மன் பிடிக்க நம்முள் எத்தனை பேர் போகப்போகிறோம்? ஆனால் ஆண்டுதோறும் நம் குடும்பங்கள் ரிஷிகேசத்திற்குச் செல்கின்றன. பிள்ளைகள் தடித்த பருத்திக் கால்சராயுடன் தெப்பம் ஏறுகிறார்கள். 'உஷ்ணமாக இருக்கிறது' என்று மிதவைச் சட்டையின் வாரைத் தளர்த்துவோரையும் கண்டேன். குளிர்காலப் பயணத்திற்கு நனைவுடையை வாடகைக்குக் கொடுப்போர் அங்கே உண்டு. சில நூறு ரூபாய்க்குத் தயங்கலாகாது. நீராடும் முதியோர் படித்துறைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு, முதலில் கைகால்களை நனைத்து, பின்பு மெல்ல இறங்குவதே நலம். தவறி விழுந்துவிட்டால் உடனே கைகால்களை அடித்து நீந்த முயலாமல், மிதவைச் சட்டையை நம்பி மல்லாந்து, கால்களை ஆற்றோட்டத்தின் திசையில் நீட்டி, மூச்சு நிலைபெறும் வரை மிதந்திருக்கவேண்டும்.

வரும் பங்குனியிலும் நம்மவர் பலர் அங்கே செல்லக் கூடும். பெட்டியில் மாற்றுடையும் கம்பளிச் சட்டையும் துவாலையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். தெப்பத்தில் ஏறுமுன் பிள்ளைகளின் மிதவைச் சட்டை வார்களைப் பெற்றோர் தம் கையாலேயே இழுத்துப் பார்த்துவிடுங்கள்.