மல்லாட்டையும் முரப்பாவும்

மணிலாவின் பெயரால் மணிலாக் கொட்டை என்றனர் நம் முன்னோர். அது செங்கற்பட்டுச் சீமையில் மல்லாட்டையாய்த் தேய்ந்தது. அரபு மக்களோ அதனை 'ஃபூல் சூதானீ', சூடான் நாட்டுப் பயறு, என்கின்றனர். பெயர்கள் இரண்டும் இரு வேறு ஊர்களைச் சொல்ல, பயிரின் தாயகமோ தென் அமெரிக்கா. பழத்தைச் சர்க்கரையிற் காய்ச்சிப் பதப்படுத்தியதற்கு அரபியில் 'முரப்பா' என்று பெயர். வளர்த்தல், பேணுதல் எனப் பொருள்படும் 'ரப்பா' என்னும் வினையினின்று பிறந்த சொல் அது. பிள்ளை வளர்ப்பைக் குறிக்கும் 'தர்பிய்யத்'தும் அவ்வழி வந்ததே. கடைத்தெருவில் இஞ்சி முரப்பா வாங்குவோர் அரபு இலக்கணமும் சிறிது சேர்த்தே வாங்குகின்றனர்!

மல்லாட்டை விழுதையும் பழப்பாகையும் ரொட்டியில் வைத்து உண்ணும் வழக்கம் அமெரிக்காவினது. 1901ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்துச் சமையற்கலை ஏடொன்றில் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் என்னும் அம்மையார் இதனை எழுதினார். மெல்லிய ரொட்டி மூன்று. ஓர் இடையில் விழுது, மற்றோர் இடையில் பாகு. 1928இல் இயந்திரத்தால் அறுத்த ரொட்டி விற்பனைக்கு வந்தபின் சிறுவரும் தாமே செய்துகொள்ளும் உணவாயிற்று.

நமக்கு இதில் என்ன அக்கறை என்பீர்கள். மாமல்லபுரத்தை அடுத்த கடலோரச் சிற்றூரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து நம்மிடம் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி உண்டு. தந்தை இல்லை, தாய் விடியுமுன் வேலைக்குச் செல்பவர். அடுப்பு மூட்ட நேரமின்றி முந்திய இரவே இந்த ரொட்டியைக் கட்டி வைப்பார். நண்பகலில் டப்பாவைத் திறந்தால் பாகு ஊறிக் கூழாய்க் கிடக்கும். பிறர் பார்க்கக் கூசி அதனை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்து அமர்ந்திருப்பாள். கேட்டால், "பசிக்கலை ஐயா" என்பாள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நண்பகலில் பசியாதிருக்குமா?

காரணம் எளிது. பாகில் நீர் உண்டு. ரொட்டி அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சும். விழுதிலோ ஏறத்தாழப் பாதி எண்ணெய். அது நீரைத் தடுக்கும். ஒரு துண்டில் விழுதும் மறு துண்டில் பாகும் தடவி மூடுவது உடனே உண்பார்க்குச் சரி. இரவிற் கட்டி நண்பகலில் அவிழ்ப்பார்க்குச் சரியன்று. அம்மையாரின் மூன்றடுக்கும் அப்படியே. அதிலும் பாகு ரொட்டியைத் தொடுகிறது. ஆகவே இரு துண்டுகளின் உட்புறத்திலும் விழுதை ஓரம் வரை தடவுக. மரக்கலத்துப் பலகை இடுக்கில் கீல் பூசுவோர் நூலிழை இடமும் விடுவதில்லை, அவ்வாறே இதுவும். பின்னர் நன்கு ஆறிய பாகை, சுற்றிலும் விரலகலம் விட்டு, நடுவில் மட்டும் வைத்து மூடுக. அடுத்தடுத்து அறுத்த துண்டுகளாயின் விரித்த கிதாபின் இரு பக்கங்கள்போற் பொருந்தும்.

விழுதைக் கடையில் வாங்க வேண்டுவதில்லை. வறுத்துத் தோல் நீக்கிய பருப்பைச் சிறிது உப்பிட்டு, எண்ணெய் தானே கசியும் வரை மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தாற் போதும். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது. கொய்யாப்பழ ஜெல்லி நன்று. கெட்டியாய்க் காய்ச்சிய பனங்கருப்பட்டிப் பாகு அதனினும் நன்று என்பது நமது கட்சி. அந்தத் தாய்க்கு இம்முறையைச் சொல்லியனுப்பினோம். டப்பா இப்போது காலியாகத்தான் திரும்புகிறது.

மலிவாய்க் கிடைக்கிறதென்று பூசணம் பிடித்த பருப்பை வாங்கிவிடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன; தீவனத்திற் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் விளைத்த நஞ்சே காரணம் என்று பின்னர் அறிந்தனர். அஃப்ளாடாக்சின் என்னும் அந்த நஞ்சு வறுத்தாலும் முற்றும் அழியாது. இன்னொன்று: பிள்ளைகள் பங்கிட்டு உண்பது நல்ல பழக்கந்தான், ஆயினும் மல்லாட்டை ஒவ்வாத பிள்ளைகளும் உளர். ஒரு துணுக்கே அவர்கள் மூச்சை அடைத்துவிடக்கூடும். கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.