அப்பாவின் முழங்காலும் நாலு டிரம்மும்

போன வருஷம் மாசிக் கடைசியில், காவிரிப் பாலம் இறங்கி மாம்பழச்சாலை சிக்னலில் அப்பாவின் பத்மினி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்னால் நின்ற ஆட்டோவை இடித்துத்தான் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, அப்பாவின் வயதைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, பிரேக்கப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்து அப்பாவும் அதையே போனில் சொன்னார். "பிரேக் சரியில்லடா." நானும் அதை நம்பவே விரும்பினேன்.

எங்கள் வண்டி 1986 மாடல். இத்தாலிக்காரன் ஃபியட் 1100-ஐ உரிமம் வாங்கி, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. அதே கம்பெனியின் 118 என்இ காருக்கு முன்பக்கம் டிஸ்க். அதைக் கழற்றி பத்மினியில் மாட்டுகிறவர்கள் உண்டு. பெங்களூரில் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படித்தேன். படித்துவிட்டு அடுத்த டேபுக்குப் போய்விட்டேன்.

பாலக்கரையில் எங்கள் வண்டியை முப்பது வருஷமாகப் பார்க்கிற பாய், என் ஷீட்டைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, டிரம்முல சக்கரம் சுத்துற வேகமே ஷூவ உள்ள இழுத்துக்கும். பாதி வேலைய அதுவே செய்யும். டிஸ்க்குல அது கிடையாது. எல்லாத்தையும் கால்தான் செய்யணும்."

அதனால் காலிப்பருக்கு அதிக அழுத்தம் வேண்டும். பெரிய பிஸ்டன் வைத்தால் அதிக பிரேக் ஆயில் வேண்டும். அதற்கு மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் பெடல் இன்னும் கல்லாகும். அப்புறம் பூஸ்டர். பூஸ்டருக்கு இன்ஜினிலிருந்து வேக்யூம் குழாய். முன்பக்கம் மட்டும் பலமானால் முன், பின் சமநிலை கெடும். ஒரு லைப்ரரியை அப்டேட் செய்யப் போய் நாற்பது ஃபைல் உடைகிற கதை எனக்குத் தெரியாததா? மலை இறக்கத்தில் சூடேறிப் பிடிமானம் இழக்கும் டிரம்முக்கு டிஸ்க் நல்ல மாற்றுதான். அப்பா போவதோ மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்.

"முதல்ல இருக்கறதக் கழட்டிப் பாப்போம்" என்றார் பாய்.

முன்பக்கம் ஒரு வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதி. அந்த சிலிண்டரும், நாலு சக்கரத்துக்கும் லைனிங்கும், பிரேக் ஆயிலும் மாற்றி, ஷூக்களை அட்ஜஸ்ட் செய்தார். ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது.

"வண்டி நிக்குது. இப்ப அப்பாவ உக்காரச் சொல்லுங்க."

பாய் பக்கத்தில், நான் பின்னால். ஒவ்வொரு தடவையும் அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போக, முழங்கால் மடங்காமல் தொடையையே தூக்கினார். ஒரு தடவை கையால் தூக்கிவிட்டார். பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. கால் அரை விநாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர், பத்மினியின் நீளத்துக்கும் மேல். எந்த மாடலிலிருந்து எதைக் கழற்றி வந்து மாட்டினாலும் அந்த ஐந்தரை மீட்டர் திரும்பி வராது. டிஸ்க்குக்குப் பணம் ஒதுக்கி வைத்திருந்தேன். இதைச் சொல்ல ஒரு வார்த்தை வைத்திருக்கவில்லை.

திரும்பும்போது மாம்பழச்சாலை சிக்னலில் வண்டி சரியாக நின்றது. "பாத்தியா, பிரேக்தான்" என்றார் அப்பா. "ஆமாம்ப்பா" என்றேன்.

ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்டா. நீ டிஸ்க்கு கிஸ்க்குன்னியா, சரி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு இருந்தேன்."

இப்போது நான் ஊருக்கு வரும்போது மட்டும் வண்டி வெளியே வருகிறது. அப்பா பக்கத்தில் உட்காருகிறார். பாலம் இறங்கி நான் பிரேக் மிதிக்கிறேன். கொஞ்சம் தாமதமாக, அவர் வலது காலும் தரையை மிதிக்கிறது.