பேர் வெட்டாத பாத்திரங்கள்

"பேரு வெட்டணுமாம்மா?" என்று பாத்திரக்கடைக்காரர் கேட்டார். குரோம்பேட்டையில் ஒரு சின்னக் கடை. என் முன்னால் நாலு தட்டு, நாலு டம்ளர், இரண்டு கிண்ணம், ஒரு தூக்குச்சட்டி, ஒரு குக்கர். அவர் கையில் பேனா மாதிரி ஒரு மிஷின். முன்பெல்லாம் சிற்றுளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவார்கள். இப்போது கரண்டில் ஓடுகிற ஊசி ஒரு நிமிஷத்தில் எழுதிவிடுகிறது.

"வேண்டாம்ணே" என்றேன். ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில், இது யார் தட்டு என்று கேட்டு யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

இந்த வைகாசியில்தான் வீடு எடுத்தேன். வேலைக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு, முதன்முதலாகத் தனியாக ஒரு வீடு. இரண்டாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நடுவில் நின்றால் இரண்டு பக்கச் சுவரும் கைக்கு எட்டுகிற அடுக்களை. முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதற்கும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. என் ஒப்பந்தத்தில் வேறு மாதிரிதான் எழுதியிருந்தது. ஆறு மாத வாடகையை எண்ணிக் கொடுத்த பிறகு மிஞ்சியதை வைத்துத்தான் வீட்டை நிரப்ப வேண்டும்.

அம்மா போனிலேயே குடியேற்றினாள். "மொதல்ல உப்பும் மஞ்சளும் ஒரு கொடம் தண்ணியும் உள்ள கொண்டு வையி. பெறவு பால் காச்சு." காய்ச்சினேன். "எந்தப் பக்கம்ட்டி பொங்குச்சு?" எது கிழக்கு என்றே எனக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. "கிழக்கதாம்மா" என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய டிரங்க் ரோடு நெடுக ரோஜாத் தொட்டிகள், கூண்டுக்குள் குருவிகள், திருகு இல்லாத ரேடியோ, யாரோ காலி செய்த வீட்டின் பீரோ, எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. "புச்சு மாரி கீது பாருக்கா" என்று ஒருவர் காட்டிய இரும்புக் கட்டிலையும் ஒரு மேசையையும் பேரம் பேசி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது உள்பலகையில் ஸ்கெட்ச் பேனாவால் ஏழாம் வாய்ப்பாடு எழுதியிருந்தது. ஏழெட்டு ஐம்பத்து நாலு. அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறதோ, திருத்திக்கொண்டதோ என்னவோ. நான் அதை அழிக்கவில்லை.

கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, பாத்திரமும் அடுக்கியாயிற்று. ஆனாலும் ராத்திரி அடுக்களை விளக்கைப் போட்டால், கடை சாத்தின பிறகும் உள்ளே நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

ஊரில் எங்கள் வீடு தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று ரயில்பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அரங்கில் பகலிலும் விளக்கு வேண்டும். அங்கே பலகை மேல் இருக்கிற பாத்திரங்களில் பேர் இல்லாதது ஒன்றுகூடக் கிடையாது. இட்லிக் கொப்பரையில் ஆச்சி பேர். அது அவள் சீராகக் கொண்டுவந்தது. குத்துப்போணியில் அம்மா பேரும் 1988 என்ற வருஷமும். செம்பில் பெரிய மாமாவின் இனிஷியல். நான் எழுத்துக்கூட்டிப் பழகியதே சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில்தான்.

பாத்திரம் மட்டுமில்லை, பாயும் அப்படித்தான். திருநெல்வேலியிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வழியில் இருக்கிறது பத்தமடை. கோரையைக் கீறித் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, நூலைப் பாவாக ஓட்டி நெய்வார்கள். கல்யாணப் பாய் என்றால் பொண்ணு மாப்பிள்ளை பேரையும் தேதியையும் சேர்த்தே நெய்து கொடுப்பார்கள். அம்மாவின் கல்யாணப் பாயில் அப்பா பேரில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கும். "ஒரு எழுத்து கொறஞ்ச மாப்பிள்ளையத்தான் எனக்குப் பாத்துருக்காவ" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

கிளம்பும்போது அம்மா சொல்லத்தான் செய்தாள். "அரங்குல இருக்கிறதுல ரெண்டு எடுத்துட்டுப் போயேன்ட்டி." பித்தளையை யார் புளி போட்டுத் தேய்ப்பது, ரயிலில் யார் தூக்குவது என்று சொல்லிவிட்டு இரண்டு பையோடு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

அந்தப் பாத்திரங்கள் ஓரிடத்தில் இருந்ததில்லை. தெருவில் ஒரு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு துட்டி என்றால் அண்டாவும் குத்துப்போணியும் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவித்தால் கிண்ணங்கள் நாலு வீடு சுற்றும். மறுநாள் யார் வீட்டுப் பிள்ளையாவது கிண்ணத்தைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எங்கள் தார்சாவில் வந்து நிற்கும். வெறுங்கிண்ணமாக வராது. ஒரு பிடி சீனியோ, இரண்டு முருங்கைக்காயோ, ஒரு எலுமிச்சங்காயோ கட்டாயம் இருக்கும்.

வழி தவறியவையும் உண்டு. எங்கள் அரங்கில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அதில் வெட்டியிருக்கிற பேரில் எங்கள் தெருவில் யாருமில்லை. எந்த விசேஷத்தில் வந்து சேர்ந்ததோ. அம்மா அதைப் புழங்கவே மாட்டாள். "ஆளு வந்து கேட்டா குடுக்கணும்லா" என்பாள். நான் ஆறாம் வகுப்பில் பார்த்த இடத்திலேயே, கழுவித் துடைத்துக் கவிழ்த்தபடி, அது இன்னமும் ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

குரோம்பேட்டையில் வாங்கிய என் பாத்திரங்களுக்கு அந்த அலைச்சல் கிடையாது. அலமாரியிலிருந்து அடுப்பு, அடுப்பிலிருந்து தொட்டி, திரும்ப அலமாரி. ஆறு மாதமாக அவை வாசலைத் தாண்டவில்லை.

கார்த்திகை வந்தது. பனங்குருத்துக்கு எங்கே போவது? இட்லித் தட்டிலேயே வைத்துக் கொழுக்கட்டை அவித்தேன். ஓலை வாசனை இல்லை. இனிப்பு மட்டும் இருந்தது. ஒருத்தி தின்று தீராது. தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு பாட்டி பாதிக் கதவைத் திறந்து, "எந்த வீடும்மா நீ?" என்றார். திரும்பி என் கதவைக் காட்டினேன். அத்தனை நாள் ஐந்தடி தூரத்தில் இருந்திருக்கிறோம்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

"எதுல வச்சுக் குடுத்த?"

"புதுத் தூக்குச்சட்டில."

"பேரு வெட்டிருக்கா?"

"இல்லம்மா."

"பெறவு எப்பிடிட்டி அது வீடு வந்து சேரும்?"

மூன்று நாளாகிறது. எதிர்வீடுதான், போய்க் கேட்டால் ஆயிற்று. ஆனால் கேட்க மனமில்லை. இந்த வீட்டைவிட்டு வெளியே போன முதல் பாத்திரம் அது. என்னத்தோடு திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும்.