திரு நின்ற ஊரில் நிற்காத சரக்கு!

ஞாயிறு காலை 7 மணி. திருநின்றவூர் ரயில் நிலையம். மின்சார ரயிலிலிருந்து இறங்கி நாலு அடி வைத்ததும் ஆயாவின் இடது செருப்பு கழன்றுவிட்டது. அது தெரியாமலே ஆயா நடந்துகொண்டிருந்தார்.

"ஆயா, செருப்பு!"

"காலு மரத்துக் கெடக்குது கண்ணு. இருக்குதா இல்லையான்னே தெரியல" என்று சிரித்தார். அவருக்கு 20 வருடமாகச் சர்க்கரை.

செருப்பை எடுத்து மாட்டுவதற்குள் ஒரு கூட்ஸ் வண்டி தடதடத்துப் போனது. வழக்கம்போல ஆயா பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இந்தத் தடத்துக்கு வயது அதிகம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது இந்த வழியாகத்தான். அதற்கும் முன்பே, 1837-ல், செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் ஏற்றிவரத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஆக, நம்ம ஊர் தண்டவாளம் முதலில் சுமந்தது ஆளை அல்ல, சரக்கை!

நமக்குள்ளேயும் ஓடுது கூட்ஸ்!

நம் நரம்புகளுக்குள்ளும் இப்படி ஒரு சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. தண்டவாளம் போல நுண்குழாய்கள். அதன் மேல் 'கைனசின்' என்ற புரதம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர். திரும்பி வரும் சரக்குக்கு 'டைனீன்' என்று வேறு ஆள். அப் லைன், டவுன் லைன் மாதிரி!

முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் சுமார் ஒரு மீட்டர். வேகமான சரக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் போகும். கால் போய்ச் சேர இரண்டரை நாள்!

வழியில் டிராஃபிக் ஜாம் ஆனால்? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌஷிகாவின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற புழுவின் நரம்பில் இதை நேரடியாகப் பார்த்தது. சரக்கு நின்று குவிந்த இடத்தில், பின்னால் வருவதும் தேங்குகிறது என்று 2018-ல் சொன்னார்கள். ஐ.ஐ.டி. கான்பூரின் தேபாஷிஷ் சவுத்ரி போன்ற இயற்பியலாளர்கள், சாலை வாகனம், எறும்பு வரிசை, செல்லுக்குள் போகும் சரக்கு மூன்றையும் ஒரே மாதிரிக் கணக்கால் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சர்க்கரை நோயில் நரம்பு கெடப் பல காரணங்கள். இந்தச் சரக்குத் தடையும் அதில் ஆராயப்படுகிறது. மிக நீளமான நரம்பு போகும் பாதம்தான் பெரும்பாலும் முதலில் மரத்துப்போகிறது.

மனசுக்குள் ஏற்றிய கல்

ஷேர் ஆட்டோ பிடித்து இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கையில் காசில்லாத பூசலார் நாயனார், கல்லையும் மரத்தையும் மனதிலேயே சேர்த்து, நெஞ்சுக்குள் கட்டிய கோயிலின் கதை நமக்குத் தெரியும். இதய நோய் தீர வேண்டி இங்கே வருபவர்கள் அதிகம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இதே ஊரில்தான். தாயார் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. திருமகள் வந்து நின்றதால் 'திரு நின்ற ஊர்' என்கிறார்கள்.

நாங்கள் காலையிலேயே போனதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் வேறொரு ஊர்க் கோயிலில், உச்சி வெயிலில் பிராகாரம் சுற்றினார் ஆயா. வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்தோம். ஆற ஒன்றரை மாதம் ஆனது. சுட்ட சேதி அவர் மூளைக்குப் போகவே இல்லை.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால், வெயில் ஏறும் முன்பே தரிசனம் முடியுங்கள். தினமும் ராத்திரி அவர்கள் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போது ஆயாவிடம் கேட்டேன், "கூட்ஸ்ல எத்தனை பெட்டி?"

"நாப்பத்திரெண்டு வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் நீ காலைப் புடிச்சுட்ட!"